மீன்பாம்பு தேடி வந்த பௌல் சராசின்

இரத்தினபுரிப் பக்கத்து மழை ஏனைய இடங்களின் மழை போன்றதன்று. வைகாசி பிறந்து தென்மேற் பருவக்காற்றுத் தொடங்கினால் மலையும் லயமும் ஒரே ஈரமாகிவிடும். அதற்கு முன்னரே தோட்டத்துக் கான்களை வெட்டித் துப்புரவு செய்தல் வேண்டும். இன்றேல் மேன்மண் முழுவதும் ஆற்றோடு போய்விடும். என் தந்தையார் கான் வெட்டுவதில் வல்லவர். யான் பிறந்து வளர்ந்த இறப்பர்த் தோட்டத்திலே அவர் வெட்டிய கான் நூல் பிடித்தாற்போல் இருக்கும் என்று கங்காணிமார் சொல்லுவதுண்டு.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளி விடுமுறையாதலின் தந்தையாருக்குத் தேநீர் கொண்டு மலைக்குப் போயிருந்தேன். ஊற்றுநீர் கசிகின்ற ஓரிடத்திலே மண்வெட்டி ஒரு கட்டியைப் பெயர்த்தது. கட்டியின் கீழ் ஒரு சிறு குழி. குழியினுள் ஒரு பிராணி சுருண்டு கிடந்தது. கருநீல நிறம்; பக்கத்தில் நெடுக மஞ்சட் கோடு; தலை எது, வால் எது என்று தெரியவில்லை. இருதலைப் பாம்பு என்றார் ஒருவர். கடித்தால் மருந்தில்லை என்றார் மற்றொருவர். பெரியவர்கள் தடி தேடுவதற்குள் யான் என் கையிலிருந்த இறப்பர்க் கம்பினால் அதனை அடித்துவிட்டேன். மூன்று அடி. சுருள் தளர்ந்தது. அதன் நடுவே கொடிமுந்திரிக் குலை போல ஒரு கொத்து முட்டை. அவை கண்ணாடி போல் இருந்தன. உள்ளே மெல்லிய செந்நூல் போன்ற சில அசைந்து கொண்டிருந்தன. அங்கு நின்றவர்களில் எவரும் அதன்பின் பேசவில்லை. தந்தையார் மண்ணை இழுத்துக் குழியை மூடிவிட்டு அடுத்த கானுக்குப் போனார்.

பல ஆண்டுகள் சென்றன. கீழைத்தேயக் கல்லூரியிலே இலக்கணம் பயின்ற காலத்தில், நூலகத்தின் மூலையிற் கிடந்த பழைய ஆங்கில விலங்கியல் நூலொன்றைப் பொழுதுபோக்காகப் புரட்டினேன். அதிலே அந்தக் குழி இருந்தது. அதே சுருள், அதே முட்டைக் கொத்து. படத்தின் கீழே சராசின் என்றொரு பெயர். இலங்கையிற் கண்டு வரைந்தது என்று குறிப்பும் இருந்தது. அன்று தொடங்கியது அப்பெயர் மேல் எனக்குள்ள நாட்டம். யான் விலங்கியல் கற்றவனல்லன். தொல்காப்பியமும் நன்னூலும் கற்பிப்பவன். ஆயினும் இவ்வரலாற்றை எழுதும் கடன் எனக்கு உண்டென்று எண்ணுகிறேன்.

அப்பிராணி பாம்பன்று, புழுவுமன்று. தவளையும் தேரையும் எவ்வினமோ அவ்வினத்தைச் சேர்ந்தது. ஈரூடகவாழிகள் என்று நம் பாடநூல்கள் கூறும் அவ்வினம் மூன்று கிளைகளை உடையது. தவளைக் கிளை யாவரும் அறிந்தது. இரண்டாவது வாலும் நான்கு காலும் உடைய சலமாந்தர், நியூற் ஆகியவற்றின் கிளை. மூன்றாவது காலே இல்லாத மண்வாழ் கிளை. சலமாந்தர்க் கிளை பெரும்பாலும் வடபுலத்துக் குளிர்நாடுகளுக்கு உரியது. ஐரோப்பியக் காடுகளிலே கரிய உடலில் மஞ்சட் புள்ளிகளோடு மழைநாளில் வெளிவரும் நெருப்புச் சலமாந்தர் உண்டு. அது தன் குஞ்சுகளை ஓடையிலே ஈனும். அல்பைன் மலையின் கருஞ்சலமாந்தரோ நீரை நாடாது நிலத்திலேயே முழுவுருக் குட்டிகளை ஈனும். யப்பான் ஆறுகளிலே ஒன்றரை மீற்றர் வரை வளரும் பேருருச் சலமாந்தரும் உண்டு. இந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும் இக்கிளையில் ஓரினமும் இல்லை. நமக்கு அண்மையிற் காணவேண்டின் இமயத்தின் அடிக்குச் செல்லவேண்டும். தார்ச்சிலிங்கு மலைச்சாரற் குளங்களிலே, தேயிலைத் தோட்டங்களின் நடுவிலேயே, முதுகில் முண்டு முண்டான கொப்புளங்களுடைய இமாலய நியூற் வாழ்கின்றது. மழைக்குக் குளம் நிரம்பியதும் நீரில் இறங்கி முட்டையிடும். குளிர்காலத்திற் கல்லின் கீழும் சருகின் கீழும் ஒடுங்கிவிடும். அங்கே தேயிலைத் தொழிலாளி நாற்காலுடைய ஒன்றைக் காண்கிறான்; இங்கே நம்மவன் காலற்ற ஒன்றைக் காண்கிறான்.

காலற்ற இதற்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் இக்தியோபிஸ் குளூற்றினோசஸ். முதற் சொல் கிரேக்கத்தில் மீன், பாம்பு என்னும் இரண்டின் சேர்க்கை. இரண்டாவது பசைத்தன்மையைக் குறிப்பது. சுவீடன் நாட்டு லின்னேயசு 1758-இலேயே இதனைத் தம் பட்டியலிற் சேர்த்துவிட்டார். யான் இதனை மீன்பாம்பு என்றே வழங்குகிறேன். கண் தோலின் கீழே புதைந்து, ஒளியும் இருளும் அறிவதற்கு மேல் உதவுவதில்லை. கண்ணுக்கும் நாசிக்கும் இடையே நீட்டவும் உள்ளிழுக்கவும் கூடிய சிறு உணர்கொம்பு ஒன்று உண்டு. அதனால் மண்ணைத் தடவியும் மோந்தும் செல்லும். புறச்செவி இல்லை. தொல்காப்பியனார் மரபியலில் உயிர்களை அறிவின் தொகையாலே வகுத்தாரன்றோ? ஊறு, சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என வைத்த அம்முறைப்படி இதனை எறும்போடு நிறுத்துவதா, நண்டுக்கு மேல் வைப்பதா என்று என் மாணாக்கர் ஒருமுறை வாதிட்டனர். யான் தீர்ப்பளிக்கவில்லை.

இனி அவரிடம் வருவோம். பௌல் சராசின் 1856 திசெம்பர் 11-ஆம் நாள் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே பிறந்தார். பட்டு நாடா நெய்விக்கும் தொழிலாற் செல்வம் குவித்த பழங்குடி அவர் குடி. அவருக்கு இரண்டுவிட்ட சகோதரர் ஒருவர். பிரிட்ஸ் சராசின் என்பது பெயர். 1859 திசெம்பர் 3-இற் பிறந்தவர். இவ்விருவரையும் பிரித்து வரலாறு எழுதுதல் இயலாது. ஒன்றாகக் கற்றனர், ஒன்றாகக் கடல் கடந்தனர், ஒரே மேசையிலிருந்து எழுதினர், நூல்களின் முகப்பிலே இருவர் பெயரும் சேர்ந்தே நின்றன. இருவரும் மணஞ்செய்து கொள்ளவில்லை. ஒரே இல்லத்தில் வாழ்ந்தனர். கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் நட்புக்கு எடுத்துக்காட்டும் நாம், காணாமலே நட்பதைப் பெரிதாகப் பேசுகிறோம். வாழ்நாளெல்லாம் கண்டு கொண்டேயிருந்தும் தேயாத நட்பு அதனினும் அரிதென்பது என் கருத்து.

செருமனியின் வூர்ட்ஸ்புர்க் நகரிலே கார்ல் செம்பர் என்னும் பேராசிரியரிடம் இருவரும் விலங்கியல் கற்றனர். செம்பர் பிலிப்பைன் தீவுகளிலே பல்லாண்டு சுற்றி ஆராய்ந்தவர். வெப்ப நாடுகளை நேரிற் காணாதவன் விலங்கியல் அறியான் என்னும் கொள்கையர் அவர். அக்காலத்திலே டார்வினின் கொள்கையை ஒட்டி ஐரோப்பாவெங்கும் முளையவியல் பற்றிய வேட்கை எழுந்திருந்தது. கருவிலே ஓர் உயிர் வளரும் படிகள் அதன் முன்னோர் வரலாற்றைக் காட்டும் என்று யேனா நகரத்து எர்ன்ஸ்ட் ஹெக்கல் பறைசாற்றினார். அவரே 1881-82-இல் இலங்கை வந்து வெலிகமைக் கடற்கரையிலே தங்கிச் சென்றார். இளைஞர் இருவருக்கும் வழி திறந்தது. கைப்பொருளுக்குக் குறைவில்லை, எவரிடமும் உதவிப்பணம் கேட்கவேண்டியதில்லை.

1883-இற் புறப்பட்டனர். பௌலுக்கு 27-உம் பிரிட்ஸுக்கு 24-உம் நிரம்பும் ஆண்டு அது. 1886 வரை இத்தீவிலே இருந்தனர். பேராதனையிலே உலகப் புகழ் பெற்ற தாவரத் தோட்டத்தின் அயலிலே தங்கி ஆய்வு நடத்தினர். அவர்கள் வந்த காலம் இலங்கை மலைநாட்டுக்குப் பொல்லாத காலம். 1869 முதல் இலைத்துரு நோய் கோப்பிச் செடிகளைத் தின்று தீர்த்துவிட்டது. துரைமார் பலர் கடனாளிகளாயினர்; நம் முன்னோராகிய கூலியாட்கள் சம்பளப் பாக்கியோடு தெருவில் நின்றனர். கோப்பி அழிந்த மலைகளிலே தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. காடு வெட்டுதல், கான் வெட்டுதல், வரம்பு கட்டுதல் என்று மண்ணைப் புரட்டும் வேலை எங்கும் நடந்தது. மண்ணுக்குள் வாழும் பிராணியைத் தேடியவர்களுக்கு அது ஏற்ற காலமாயிற்று என்றே சொல்லவேண்டும்.

அவர்கள் எதைத் தேடினர் என்பதையும் விளக்கவேண்டும். காலற்ற இப்பிராணிகளைப் பாம்பினம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1831-இல் யொகானஸ் மூல்லர் என்னும் செருமானிய அறிஞர், ஒல்லாந்து நாட்டு லெய்டன் அருங்காட்சியகத்திலே சாராயப் போத்தலில் இருந்த இளம் பிராணியொன்றின் கழுத்தில் செவுட்டுளை இருக்கக் கண்டார். பாம்புக்குச் செவுட்டுளை இல்லை. ஆகவே இது தவளையின் உறவென்பது துணியப்பட்டது. ஆனால் அது எங்கே முட்டையிடுகிறது, முட்டைக்குள் யாது நிகழ்கிறது, நீருக்கும் நிலத்துக்கும் எப்போது போகிறது என்னும் வினாக்களுக்கு அரை நூற்றாண்டு கழிந்தும் விடையில்லை. அந்த விடையைத்தான் சராசின் சகோதரர் பேராதனை மண்ணிலே தோண்டி எடுத்தனர்.

அவர்கள் கண்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். பெண் பிராணி ஓடை அல்லது ஊற்றின் அருகே, நிலத்தின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, ஈரமண்ணிற் சிறு குழி செய்கிறது. அதிலே முட்டைகளை இடுகிறது. முட்டை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் நீளமும் 6.5 மில்லிமீற்றர் அகலமும் உடையது. ஒன்றோடொன்று இழையினாலே தொடுக்கப்பட்டிருக்கும். இட்டபின் அது முட்டைகளை விட்டுப் போவதில்லை. அவற்றைச் சுற்றி உடலை வளைத்துக் கிடக்கிறது. மண்ணைத் துளைத்துத் திரியும் பாம்புகள் முட்டைகளைத் தின்றுவிடாதவாறு காக்கிறது. அம்முட்டைகள் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கின்றன. முற்றிய கருவின் நிறை, புதிதாய் இட்ட முட்டையின் நிறையைப்போல் நான்கு மடங்கு ஆகின்றதாம்! நிறை குறைவதே முட்டைகளின் பொது இயல்பென்று கோழி முட்டையை வைத்து எண்ணுபவர்க்கு இது வியப்பளிக்கும்.

முட்டைக்குள்ளே கருவின் கழுத்திலே பக்கத்துக்கு மூன்றாக நீண்ட செவுள்கள் முளைக்கின்றன. இறகு போன்ற கிளைகளும் குருதிச் சிவப்பும் உடையன அவை. முட்டை நீரிலே ஓயாது அசைந்து மூச்சு வாங்குகின்றன. இலங்கைப் பாடநூல்கள் செவுளைப் பூ என்று கூறும். இவற்றைக் கண்டால் அப்பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது விளங்கும். யான் பத்து வயதிலே கானோரத்திற் கண்ட செந்நூல் இவையே. அவ்வளவு பெரிய செவுள்கள், குஞ்சு முட்டையை விட்டு நீருக்கு வருமுன்னரே அற்று விடுகின்றன. நீரில் வாழப்போகும் உயிர் செவுளை இழந்து நீருக்குப் போகிறது! பக்கத்துக்கு ஒரு துளை மாத்திரம் எஞ்சும். வாலிலே மீனுக்குப் போல் மெல்லிய செட்டை இருக்கும். கண் தாயின் கண்ணினும் தெளிவாயிருக்கும். இந்தக் குடம்பி ஓடைச் சேற்றிலே கிடந்து, இடையிடையே மேலெழுந்து காற்றை விழுங்கும். வளர்ந்தபின் துளை மூடும், செட்டை மறையும், கண் மங்கும், மண்ணுக்குள் நுழையும். அதன்பின் அதனை நீரில் அமிழ்த்தி வைத்தால் மூச்சடைத்து இறந்துபோகும். பிறந்த வீடே பின்னர்க் கொலைக்களம் ஆகிறது.

வாற்பேய் தவளையாவதை நம் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலேயே கற்கின்றனர். இந்த மாற்றம் அதனினும் நுட்பமானது. இதனை அறிவதற்கு அவ்விருவரும் நூற்றுக்கணக்கான மண்கட்டிகளைப் புரட்டி, ஒவ்வொரு படியிலும் உள்ள கருக்களை எடுத்து, மெல்லிய தாள்போற் சீவி, நுணுக்குக்காட்டியில் வைத்து வரைந்தனர். 1887 முதல் 1890 வரை இதன் ஆய்வு பகுதி பகுதியாக வெளிவந்தது. இலங்கையிற் செய்த விஞ்ஞான ஆராய்ச்சியின் பயன்கள் என்று பொருள்படும் பெருந்தொகுதியின் இரண்டாவது பகுதி அது. முதற்பகுதியிலே திருகோணமலைக் கடலின் முள்ளெலிகளும், விண்மீன் உயிர்களில் ஒட்டிவாழும் நத்தைகளும், மலைநாட்டுப் பெருநத்தையின் கருவளர்ச்சியும் பேசப்பட்டன. மண்ணை வெட்டி எடுத்துக் கொடுத்த கைகள் யாருடையன? நூலின் முகப்பிலே இருவர் பெயரே உண்டு.

கண்டது ஒன்று, அதனாற் கொண்ட முடிபு மற்றொன்று. கருவின் செவுளும், குடம்பியின் வாலும், உடலமைப்பும் சலமாந்தரை ஒத்திருப்பதைக் கண்ட சராசின் சகோதரர், மீன்பாம்பு சலமாந்தர்க் கிளையின் ஓர் உட்பிரிவே என்று துணிந்தனர். அமெரிக்காவின் தென்பகுதிச் சதுப்புகளிலே விலாங்கு போன்ற நீண்ட உடலும், பயனற்ற சின்னஞ்சிறு கால்கள் நான்கும் உடைய அம்பியூமா என்னும் சலமாந்தர் வாழ்கின்றது. அதுவும் தன் முட்டைகளைச் சுற்றி வளைந்து கிடப்பதை 1888-இல் ஆர்க்கன்சா நாட்டிலே ஓர் அறிஞர் கண்டு எழுதினார். சராசின் சகோதரர்க்கு அது பெருந்துணையாயிற்று. அம்பியூமா என்பது முதிராமலே நின்றுவிட்ட மீன்பாம்பு என்றும் கூறினர். பிற்கால அறிஞர் இதனை ஏற்கவில்லை. இக்கால மரபணு ஆய்வுகளுட் பெரும்பாலன தவளையையும் சலமாந்தரையும் உடன்பிறப்பாக்கி, மீன்பாம்பைத் தனியே முன்னர்ப் பிரிந்த கிளையாக நிறுத்துகின்றன. முடிபு வீழ்ந்தது, காட்சி நின்றது. உரையாசிரியர் ஒருவரின் பொருள்கோளை மறுத்துவிட்டு அவர் காத்துத் தந்த பாடத்தை மாத்திரம் வைத்துக்கொள்வது நம் துறையிலும் உண்டு. அவர்கள் கண்ட முட்டையும் குடம்பியும் நூறாண்டு கழிந்தபின் பேராதனையில் மீண்டும் ஆராயப்பட்டன. அமெரிக்கர் எட்வேட் ரெயிலர் 1960-களிலே இலங்கைக்கு இக்குலத்தில் வேறும் இரண்டினம் உண்டென்று காட்டினார். மூன்றும் இத்தீவுக்கே உரியன.

இங்கே நிறுத்திவிட்டால் பௌல் சராசினைப் பற்றி நல்லது மாத்திரம் சொன்னவனாவேன். புகழ்மாலை கட்டுவது வரலாறன்று. மீன்பாம்பை அளந்த அதே கைகள் மனிதரையும் அளந்தன. தொகுதியின் மூன்றாம் பகுதி 1892-93-இல் வெளிவந்தது. வேடரையும் அவரைச் சூழ்ந்த மக்களையும் பற்றியது. சூழ்ந்த மக்கள் என்பதிலே சிங்களவரும் தமிழரும் அடங்குவர். தலையின் நீள அகலம், தோலின் நிறம், மூக்கின் அமைப்பு என்று அட்டவணையிட்டனர். வேடர்களின் மண்டையோடுகளையும் என்புக்கூடுகளையும் தேடிச் சேர்த்துப் பாசலுக்குக் கொண்டு சென்றனர். வேடரை மனித குலத்தின் தொன்மையான படியிலே நிற்பவர் என்று கருதினர். கருவிலே முன்னோரைக் காணலாம் என்னும் கொள்கை, காட்டில் வாழும் மனிதனிலும் முன்னோரைக் காணலாம் என்று வழுக்கி இறங்கியது. வேடன் நேற்றைய மனிதனல்லன். நம்மோடு இன்று வாழ்பவன். அவனுக்கு மொழியும் பாட்டும் இறந்தோர்க்குச் செய்யும் கடனும் உண்டு. இறந்த தந்தையின் என்பைப் பெட்டியிலிட்டுக் கடல் கடத்தினால் அவன் மகன் யாது நினைப்பான் என்று அவ்வறிஞர் எண்ணியிருப்பின், அந்நூல் வேறு விதமாக அமைந்திருக்கும். நம்மவருட் சிலர் அந்நூலைக் காட்டித் தமிழரின் தொன்மையோ தூய்மையோ நாட்ட முயல்வதுண்டு. அவ்வழி வேண்டா என்பதே என் விண்ணப்பம். மண்டையோட்டின் அகலத்தில் மொழியின் பெருமை இல்லை.

இலங்கையை விட்டபின் பேர்லின் நகரிலே பத்தாண்டு இருந்தனர். இடையே 1893 முதல் 1896 வரை செலபீசுத் தீவில், இன்று சுலவேசி எனப்படுவதில், உட்காடுகளைக் கடந்தனர். 1902-03-இல் மறுபடியும் சென்றனர். சுவிற்சர்லாந்துக்குக் குடியேற்ற நாடு எதுவுமில்லை; ஆயினும் ஒல்லாந்தரின் ஆட்சி விரிவோடு இவர்களின் பயணங்கள் பின்னிக் கிடந்தன என்பதை 2015-இல் பேர்ன்கார்ட் ஷேர் என்னும் வரலாற்றறிஞர் விரிவாக எழுதியுள்ளார். அப்பயணங்களைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை.

1907-இல் இலங்கைக்கு மீண்டும் வந்தபோது ஊவாவின் நீல்கலைக் குகையிலே படிகக்கல்லாற் செய்த சிறு கருவிகளைக் கண்டெடுத்தனர். இத்தீவிலே கற்கால மனிதர் வாழ்ந்தனர் என்பதற்கு அது தெளிவான சான்றாயிற்று. அடுத்த ஆண்டே நூலும் வந்தது. அவர்கள் தொடங்கிய அவ்வழி பின்னர் நம் சப்பிரகமுவ நாட்டுக்கே வந்து சேர்ந்தது. குருவிற்றைக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலெனைக் குகையும் கித்துல்கலையின் பெலிலெனைக் குகையும் பின்னர்த் தோண்டப்பட்டபோது, இருபத்தையாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மனிதரின் என்புகளும் கருவிகளும் கிடைத்தன. பலாங்கொடை மனிதன் என்று நம் மாணாக்கர் படிப்பது அவ்வழி வந்த செய்தியே.

பௌல் சராசினின் வாழ்வில் யான் மிக மதிப்பது அவருடைய ஐம்பதாம் வயதுக்குப் பின் நிகழ்ந்தது. வெப்ப நாடுகளிலே காடுகள் அழிவதைக் கண்ணாரக் கண்டவர் அவர். 1883-இல் கண்ட மலையை 1907-இற் கண்டவர்க்கு வேறு சான்று வேண்டுமா? 1906-இற் சுவிற்சர்லாந்தின் இயற்கைக் காப்பு ஆணைக்குழுவுக்குத் தலைவரானார். 1909-இல் இயற்கைக் காப்புச் சங்கம் ஒன்றை அமைத்தார். அதிற் சேர ஆண்டுக்கு ஒரு பிராங்கு போதும். செல்வக் குடியிற் பிறந்தவர் ஏழையின் ஒரு பிராங்கையும் கேட்டுப் பெற்றது நல்ல அரசியல். அப்பணம் திரண்டு, எங்கடின் பள்ளத்தாக்கிலே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, 1914 ஓகத்து முதலாம் நாள் சுவிற்சர்லாந்தின் தேசியப் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே மரம் வெட்டலாகாது, மாடு மேய்க்கலாகாது, வீழ்ந்த மரத்தையும் எடுக்கலாகாது. இயற்கை தன் போக்கிலே செல்ல, மனிதன் பார்த்திருக்க வேண்டும் என்பது விதி.

தன் நாட்டோடு அவர் நிற்கவில்லை. 1910-இல் ஆத்திரியாவின் கிராசு நகரிலே கூடிய விலங்கியல் மாநாட்டில், உலக முழுவதற்கும் பொதுவான இயற்கைக் காப்பு வேண்டும் என்று எழுந்து பேசினார். 1913-இற் பதினேழு நாடுகளின் பேராளர் பேர்ண் நகரிலே கூடி அதற்கென ஓர் ஆணைக்குழுவை ஏற்றனர். திமிங்கிலத்தையும் துருவக் கரடியையும் பறவைகளையும் பற்றிப் பேசிய அறிஞர்கள் ஊர் திரும்பி ஓராண்டு ஆகுமுன் ஐரோப்பாவில் முதலாம் உலகப்போர் மூண்டது. மனிதனையே காக்கவியலாத காலத்தில் திமிங்கிலத்தை யார் நினைப்பர்? ஆணைக்குழு அழிந்தது. அவர் கேட்ட அமைப்பு, 1948-இற் பிரான்சின் பொந்தன்புளோ நகரிலே வேறு பெயரோடு பிறந்தபோது அவர் உயிரோடில்லை.

இதிலும் ஒரு முள் இருக்கிறது. விலங்கையும் தாவரத்தையும் காக்கவேண்டும் என்றவர், காட்டுவாழ் மக்களையும் அவ்வாறே ஒதுக்கிடங்களிலே காக்கவேண்டும் என்றார். அவர் நெஞ்சிலே இரக்கம் இருந்தது. குடியேற்ற ஆட்சிகள் அம்மக்களை அழிப்பதைக் கண்டே அவ்வாறு கூறினார். ஆனால் காக்கப்படுபவரிடம் கேளாமற் காப்பது என்ன காப்பு? வேடரின் காடுகள் பின்னாளிற் பூங்காக்களான கதையை அறிந்தவர்க்கு இவ்வினா நூற்கேள்வியன்று. லயத்திற் பிறந்த எனக்கும் அது நூற்கேள்வியன்று. எம் நன்மை இன்னதென்று எம்மைக் கேளாமலே முடிவு செய்தவர் பலரை யாம் கண்டிருக்கிறோம்.

1929 ஏப்ரில் 7-இற் பௌல் மறைந்தார். நாற்பதாண்டுக்கு மேலாக ஒன்றாக எழுதிய மேசையில் பிரிட்ஸ் தனியே அமர்ந்தார். பாசலின் அருங்காட்சியகங்களை அவர் வளர்த்தார். வெப்ப நாட்டு நினைவுகளை 1931-இல் ஒரு நூலாக்கினார். 1883-இற் தொடங்கிய இலங்கைப் பயணங்கள் எல்லாவற்றையும் மீண்டும் நினைந்து, தமக்கு எண்பது நிரம்பிய 1939-இல் இன்னொரு நூல் வெளியிட்டார். அந்த முதுமையிலும் பேராதனையை மறக்காதவர், 1942 மார்ச்சு 23-இற் காலமானார். அவர்கள் கொண்டு சென்ற முளையங்களின் படங்கள் இன்றும் உலக விலங்கியல் நூல்களிலே அச்சாகின்றன. கொண்டு சென்ற என்புகளைப் பற்றி இப்போதுதான் பேச்சு எழுகின்றது.

சென்ற ஆண்டு வைகாசி, மழைக்கு முன். எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்னே தேயிலை மலைக்குப் போகும் வழியிற் கான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடிவந்து, ஐயா, இருதலைப் பாம்பு என்று மூச்சிரைக்கக் கூறினான். வகுப்பை விட்டு அனைவரும் போனோம். பாதி பெயர்ந்த மண்கட்டியின் கீழ் அது சுருண்டு கிடந்தது. ஒருவன் கையிற் கம்பு இருந்தது, அதனை வாங்கிக்கொண்டேன். ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்க்கச் சொன்னேன். செந்நூல் போன்றவை அசைவதைக் கண்டு ஒரு பெண்பிள்ளை, அது மூச்சு விடுகிறதா என்று கேட்டாள். ஆம் என்றேன். போத்தலில் இட்டு வகுப்பில் வைக்கலாமா என்று இன்னொருவன் கேட்டான். தாய் இல்லாமல் அவை பிழையா என்றேன். பின்னர் மண்கட்டியை இருந்தவாறே மெல்ல வைத்து, வாங்கிய கம்பை அருகே நட்டு, நுனியிற் பழந்துணி ஒன்றைக் கட்டினோம். கங்காணியாரிடம் யான் காரணம் சொன்னபோது அவர் சிரித்தார். ஆயினும் அன்று மாலை பார்த்தபோது, கான் அவ்விடத்துக்கு வந்ததும் ஒரு முழம் விலகி வளைந்து, அப்பால் மீண்டும் நேரே போயிருந்தது.